காற்றை எதிர்த்து இறங்கியவர்: ஓட்டோ லிலியென்தால்

நீங்கள் விமானத்தில் போயிருப்பீர்கள். இறங்கும் நேரத்தில் ஒரு குலுக்கு குலுக்கும். நாம் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஆனால் விமானிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதே பெரிய கவலை. சின்ன விமானமும் கிளைடரும் என்றால் சொல்லவே வேண்டாம். இயந்திரமே இல்லாத காலத்தில், இந்தப் பாடத்தைத் தன் இரண்டு கால்களால் படித்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஓட்டோ லிலியென்தால்.

1848-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி, வட ஜெர்மனியின் அங்கிளாம் என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தவர். ஓட்டோவும் தம்பி குஸ்தாவும் செங்கால் நாரைகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாரை மேலே கிளம்பும்போது காற்றை எதிர்த்துத்தான் ஓடுகிறது என்பதை அந்த வயதிலேயே கவனித்துவிட்டார்கள். பலகையில் இறக்கை செய்து கட்டிப் பறக்கவும் முயன்றார்கள். அதையும் எப்போது தெரியுமா? ராத்திரியில்! பகலில் செய்தால் கூடப் படிக்கும் பையன்கள் கேலி செய்வார்களே!

பெர்லினில் பொறியியல் படித்தார். பிறகு கொதிகலன், நீராவி இயந்திரம் செய்யும் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். தொழிலாளர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்த முதலாளி அவர். கல்யாணம் ஆகி நான்கு பிள்ளைகள். இத்தனை பொறுப்புக்கு நடுவிலும் பறவை ஆராய்ச்சியை விடவில்லை. இறக்கையின் வளைவு எவ்வளவு இருந்தால் காற்று எவ்வளவு தூக்கும் என்று வருஷக்கணக்கில் அளந்து, 1889-இல் நூலாக வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் பறக்கவே இறங்கினார். முதலில் கணக்கு, பிறகு துணிச்சல்.

1891-இல் டெர்விட்ஸ் என்ற ஊரில் சுமார் 25 மீட்டர் தூரம் பறந்தார். வில்லோ மரக் குச்சியும் பருத்தித் துணியும் சேர்த்துச் செய்த இறக்கை, எடை ஏறக்குறைய 20 கிலோ. 1894-இல் பெர்லின் பக்கத்தில் லிஹ்டெர்ஃபெல்டேயில் 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்றே கட்டினார். அது கூம்பு வடிவத்தில் இருந்தது. ஏன்? காற்று எந்தத் திசையில் வீசினாலும் அதை எதிர்த்து ஓடிக் கிளம்பலாம், எதிர்த்தே இறங்கலாம்.

இதில் உள்ள சூட்சுமம் ரொம்ப எளிது. இறக்கைக்குக் காற்றின் மேல் நொடிக்கு 10 மீட்டர் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று 6 மீட்டர் வீசினால், தரையைத் தொடும்போது உங்கள் வேகம் 4 மீட்டர்தான். நாலு எட்டு ஓடி நின்றுவிடலாம். அதே காற்று முதுகுப் பக்கம் வீசினால் 16 மீட்டர்! கால் முறியாமல் தப்புவது கஷ்டம்.

லிலியென்தால் இறங்கும் விதம் காக்கை இறங்குவது போலவே இருக்கும். தரை நெருங்கியதும் உடம்பைப் பின்னுக்குத் தள்ளுவார். இறக்கையின் முன்பக்கம் நிமிரும், வேகம் குறையும், கால் மெதுவாகத் தரையைத் தொடும். இப்படிச் சுமார் 2000 தடவை பறந்தார். ஸ்டெல்ன் ஊர்ப் பக்கத்துக் குன்றுகளில் 250 மீட்டர் வரைகூடப் போனார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அவருக்கு இருந்த ஒரே சுக்கான் அவருடைய உடம்புதான். காலை இந்தப் பக்கம் வீசினால் இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் வீசினால் அந்தப் பக்கம். சீரான காற்றுக்கு அது போதும். திடீரென்று குப்பென வீசும் காற்றுக்குப் போதாது.

1896 ஆகஸ்ட் 9. ஸ்டெல்ன் அருகே கோலென்பெர்க் குன்று. ஒரு பறப்பின்போது இறக்கையின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. கிளைடர் நடுவானில் வேகம் இழந்தது. உடம்பை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் பெர்லினில் உயிர் பிரிந்தது. வயது 48.

கதை அங்கே முடியவில்லை. அந்த மரணச் செய்தி அமெரிக்காவில் ரைட் சகோதரர்களைத் தட்டி எழுப்பியது. அவர் கணக்குகளைப் படித்தார்கள், சோதித்தார்கள், திருத்தினார்கள். உடம்பை ஆட்டினால் போதாது, இறக்கையையே முறுக்க வேண்டும் என்று கண்டார்கள். 1903 டிசம்பர் 17-இல் இயந்திர விமானம் பறந்தது. அன்றும் பலத்த காற்றுதான். நான்கு முறை பறந்தபின் தரையில் நின்ற விமானத்தைக் காற்று புரட்டிப்போட்டு உடைத்துவிட்டது! இறங்கிவிட்டோம் என்று அசட்டையாக இருக்கக்கூடாது என்பது அன்றே கிடைத்த பாடம்.

இன்றும் கிளைடர் ஓட்டுபவர்கள் பலத்த காற்றில் இறங்கும்போது வழக்கத்தைவிடச் சற்று அதிக வேகம் வைத்துக்கொள்கிறார்கள். தரைக்கு அருகே எதிர்க்காற்று சட்டென்று குறையும், அப்போது கையில் மிச்ச வேகம் இருக்க வேண்டும் என்பதற்காக.

இளைஞர்களே, கேலிக்குப் பயந்து ராத்திரியில் பறக்கப் பார்த்த அந்தப் பையன், பிறகு ஊரே கூடி வேடிக்கை பார்க்கும்படி பறந்தார். எதிர்க்காற்று நம்மைத் தள்ள மட்டும் வருவதில்லை, அளந்து பழகினால் நம்மைப் பத்திரமாகத் தரையிலும் இறக்கும். தான் கற்றதை மறைக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான், அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர முடிந்தது. நாமும் நம் கணக்கை எழுதி வைப்போம்.