சோழமண்டலக் கடலில் சுஃப்ரேன்

1782ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கடலூரில் வீடுகளை இடித்து, அவற்றின் உத்தரங்களைக் கடற்கரைக்கு இழுத்துச் சென்றார்கள். அம்மாதம் 6ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அப்பால் நிகழ்ந்த போரில் பாய்மரம் முறிந்தும் பக்கப்பலகை பிளந்தும் வந்து சேர்ந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல்களைச் செப்பனிட அவ்வூரில் மரக்கிடங்கு இல்லை. கப்பல் பழுதுபார்க்கும் துறையும் இல்லை. சிறு கலங்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெருங்கலங்களுக்கு மாட்டினர். ஏறத்தாழ மூன்று வாரங்களில் கப்பற்படை மீண்டும் கடலேற ஆயத்தமாயிற்று. இப்பணியை முடுக்கி நடத்தியவர், உடல் மிகப் பருத்தவர், உடையில் கவனமற்றவர், சினத்துக்கு எளிதில் ஆட்படுபவர். பியர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன் என்பது அவர் பெயர்.

தென்பிரான்சின் புரோவான்சு நாட்டில், சேன்-கன்னா என்னும் ஊரில் 1729 சூலை 17இல் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். பதினான்காம் வயதில் கடற்படை புகுந்தார். மால்டா வீரத்துறவியர் சபையிலும் உறுப்பினரானார். இளமையில் இருமுறை, 1747இலும் 1759இலும், ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். இரண்டும் பிரெஞ்சுக் கப்பற்படை தோற்றோடிய போர்கள். தற்காத்து நின்றே தோற்கும் அப்போர்முறை மீது அவருக்கு வெறுப்பு வேரூன்றியதில் வியப்பில்லை.

அமெரிக்க விடுதலைப் போர் உலகப் போராக விரிந்தபோது, 1781 மார்ச்சில் ஐந்து போர்க்கப்பல்களுடன் பிரெஸ்ட் துறையிலிருந்து புறப்பட்டார். வழியில் வெர்டே முனைத் தீவுகளில் நங்கூரமிட்டு நின்ற ஆங்கிலப் படையை, அது போர்ச்சுகலின் நடுநிலைத் துறை என்பதையும் பாராது தாக்கினார். போர் முடிவின்றிப் போயினும், முந்திச் சென்று நன்னம்பிக்கை முனையை டச்சுக்காரருக்காகக் காத்தார். 1782 பிப்ரவரியில் மூத்த தலைவர் தோர்வ் இறக்கவே, இந்தியக் கடலின் பிரெஞ்சுப் படை முழுதும் அவர் கைக்கு வந்தது.

அக்காலக் கடற்போரின் இயல்பை இங்கே அறிதல் வேண்டும். இருபக்கமும் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, இணையாகச் சென்று பீரங்கிகளால் சுட்டுக்கொள்வதே மரபு. இருவருக்கும் சேதம் நேரும், மாலையில் பிரிவார்கள். சுஃப்ரேன் வேறு வழி கருதினார். பகைவரிசையின் ஒரு பகுதியை மட்டும் தெரிந்துகொண்டு, அதன் இருபுறமும் தம் கப்பல்களை நிறுத்தி நசுக்கிவிட வேண்டும். எஞ்சியவை காற்றை எதிர்த்துத் திரும்பி வருமுன் காரியம் முடிந்துவிட வேண்டும்.

இத்திட்டத்தைச் சோழமண்டலக் கடலில் சோதித்தார். எதிரே நின்றவர் ஆங்கிலத் தளபதி சர் எட்வர்டு ஹ்யூஸ், பொறுமையும் உறுதியும் மிக்க கடலோடி. 1782 பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் முதற்போர், ஏப்ரல் 12இல் இலங்கையின் கிழக்குக் கரையில் இரண்டாவது, சூலையில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் இருபக்கமும் சேதம் நேர்ந்தது. எனினும் ஒரு கப்பலும் பிடிபடவில்லை. சுஃப்ரேன் நெருங்கிச் சென்று சுட்டார். அவருடைய கப்பல் தலைவர்களிற் சிலர் தொலைவிலேயே நின்றார்கள். நாகப்பட்டினப் போரில் ஒரு பிரெஞ்சுத் தலைவர் கொடியையே இறக்கிவிட, கீழதிகாரிகள் கீழ்ப்படிய மறுத்துப் போரைத் தொடர்ந்தனர். சுஃப்ரேன் சிலரைப் பதவி நீக்கித் திருப்பி அனுப்பினார்.

பழி முழுவதையும் அத்தலைவர்கள்மீது சுமத்துவது வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். அது முழு நீதியன்று. தம் எண்ணத்தைக் கீழுள்ளோருக்கு அமர்ந்து விளக்கும் பழக்கம் சுஃப்ரேனுக்கு இல்லை. அவர் மனத்தில் இருந்த புதிய போர்முறையைப் போரின் புகை நடுவே, கொடிச் சைகைகளைக் கொண்டு மட்டும் அவர்கள் எவ்வாறு அறிவர்? ஆங்கிலக் கைதிகளை வைத்துக் காக்க இடமும் உணவுமின்றி ஐதர் அலியிடம் ஒப்படைத்ததும் அவர் பெயருக்கு ஒரு களங்கமே.

அந்த ஐதர் அலி சூலை இறுதியில் கடலூரருகே வந்து அவரைக் கண்டார். மைசூர் மன்னருக்கு ஆங்கிலேயரைக் கடலில் தடுக்கும் துணை வேண்டும். பிரெஞ்சுக்காரருக்கோ கரையில் உணவும் பணமும் வேண்டும். இவ்விருவர் நட்பும் ஆங்கிலேயர் பகையும் மோதிய நிலத்தில் வாழ்ந்தவர்கள் நிலை வேறு. ஊர்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின, பஞ்சத்தால் மக்கள் சென்னையை நோக்கி வந்து குவிந்தனர்.

வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தால் சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. ஆங்கிலேயர் பம்பாய் செல்ல வேண்டும். இப்பக்கத்தில் ஒதுங்கத்தக்க ஒரே பெருந்துறை திருகோணமலை. அவ்வாண்டு சனவரியில் அதை ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து பறித்திருந்தனர். சுஃப்ரேன் ஆகஸ்ட் இறுதியில் அதை முற்றுகையிட்டுச் சில நாள்களிலேயே கைப்பற்றினார். ஹ்யூஸ் உதவிக்கு வந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டம்பர் 3இல் நான்காம் போர். 'வீரன்' எனப் பொருள்படும் அவருடைய முதன்மைக் கப்பல் 'எரோ'வின் நடுப்பாய்மரம் கொடியோடு சாய்ந்தது. சரணடைந்ததாக எவரும் எண்ணிவிடலாகாது என்று, கப்பலெங்கும் வெண்கொடிகளைக் கட்டுமாறு பணித்தார். அன்றும் பலர் உரிய நேரத்தில் துணைக்கு வரவில்லை. மழைக்காலத்தைச் சுமத்திராவின் அச்சே துறையில் கழித்தார்.

1783 சூனில் கடலூரைத் தரையில் ஆங்கிலப் படையும் கடலில் ஹ்யூசின் பதினெட்டுக் கப்பல்களும் நெருக்கின. உள்ளே முதிய தளபதி புஸ்ஸியின் படை சிக்கியிருந்தது. பதினைந்து கப்பல்களோடு வந்த சுஃப்ரேன், மாலுமிகள் குறைவாயிருந்தமையால் புஸ்ஸியிடம் 1,200 பேரைக் கடன் பெற்று, சூன் 20 பிற்பகலில் மோதினார். இருபக்கமும் ஏறத்தாழ நூறு நூறு பேர் மாண்டனர். கப்பல் எதுவும் வீழவில்லை. ஆனால் குடிநீர் குறைந்தும் நோய் பெருகியும் தளர்ந்திருந்த ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்பினார். கடலூர் தப்பியது. சுஃப்ரேன் கடன் பெற்ற வீரர்களோடு தம் மாலுமிகளிலும் ஒரு பகுதியினரைக் கரைக்கு அனுப்பினார்.

ஒன்பது நாள் கழித்து ஆங்கிலக் கப்பலொன்று சமாதானச் செய்தியோடு வந்தது. முதல் உடன்படிக்கை ஐரோப்பாவில் சனவரி 20ஆம் நாளே கையெழுத்தாகியிருந்தது. கடலூர்க் கடலில் மாண்டவர்கள் முடிந்துபோன போரில் மாண்டவர்கள்.

தாய்நாடு திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் அவரைச் சந்திக்க வந்தவர்கள், அவரோடு பொருத ஆங்கிலக் கப்பல் தலைவர்களே. பிரான்சில் அவருக்கெனத் துணைத் தளபதிப் பதவி ஒன்று புதிதாக ஏற்படுத்தப்பட்டது; அவருக்குப் பின் அது நீங்கிவிடும் என்பது நியமனம். 1788 டிசம்பர் 8இல் பாரிசில் காலமானார். அடுத்த ஆண்டு வெடித்த புரட்சியின் நாள்களில் அவருடைய கல்லறையும் குலைக்கப்பட்டது.

அவர் வென்ற திருகோணமலை உடன்படிக்கையின்படி டச்சுக்காரரிடம் திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர் அதை மறுபடியும் கைக்கொண்டனர்.