தாமோதரம்பிள்ளையவர்கள்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், வட்டுக்கோட்டை மிஷன் சாத்திரசாலையிலே பயின்று, சென்னைச் சர்வகலாசாலையார் 1857இல் நடாத்திய முதற் பீ. ஏ. பரீட்சையிலே தேறினார்கள். மிஷனிலே கற்றும் சைவத்திலே உறுதிகொண்டு, சைவமகத்துவம் என்னும் நூலும் எழுதினார்கள்.

அக்காலத்திலே அச்சுப்புத்தகம் பெருகப் பெருக, ஏடெழுதுவோர் அருகினர். அதனால் அச்சேறாத பழைய நூல்கள் புதிய ஏட்டிலும் ஏறாவாய்ச் செல்லுக்கு இரையாயின. இதனைக் கண்டு வருந்திய பிள்ளையவர்கள், பலவிடத்தும் பிரதிகள் தேடி ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் உரையோடு அச்சிட்டார்கள். பொருளதிகாரத்து இறுதிப்பகுதியின் உரையை நச்சினார்க்கினியர் உரையென்றே வெளியிட்டார்கள். அது பேராசிரியருரையென்று பின்னுள்ளோர் தெளிந்தனர். அத்தெளிவும் அவ்வுரை அச்சேறியதன் பயனேயாம். ஏடு சிதைந்திருப்பின் திருத்துதற்கும் யாதுளது?

1901ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி பிள்ளையவர்கள் தேகவியோகமாயினார்கள். அவர்கள் அச்சிட்ட முதற்பதிப்புக்களும் இன்று கிடைத்தற்கரியன. ஆசிரியர்காள்! நும் பாடசாலைப் பேழைகளிலே கிடக்கும் பழம்புத்தகங்களைக் கழிவென்று எறியாது, ஒருமுறை திறந்து பார்மின்.