இருகடல் கூடுமிடம் கண்ட இளவரசர்

பிற சமயத்தார் தேடும் இறைவனும் நாம் வணங்கும் இறைவனும் ஒருவனேதானா? இவ்வினாவுக்கு விடை காண நூல்களிலும் ஞானியரிடத்தும் அலைந்து, முடிவில் அத்தேடலையே குற்றமாகச் சுமந்து உயிர் துறந்தவர் முகலாய இளவரசர் தாரா ஷிகோ.

ஷாஜஹான், மும்தாஜ் மஹல் ஆகியோரின் மூத்த மகனாக அவர் 1615-இல் அஜ்மீரில் பிறந்தார். லாகூரில் வாழ்ந்து 1635-இல் மறைந்த சூஃபி ஞானி மியான் மீர் மீது பெரும்பற்றுக் கொண்டார்; அவர்தம் மாணவர் முல்லா ஷாவிடம் காதிரிய்யா ஞானவழியில் தீட்சை பெற்றார். இறைநேசர்களின் வரலாறாகச் 'சஃபீனத்துல் அவ்லியா'வை 1640-இல் இயற்றினார். பிற சமய நூல்களை நாடுமுன் தம் மார்க்க ஞானத்தில் அவர் ஆழ்ந்திருந்தார் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

1653-இல் கந்தஹார்ப் படையெடுப்பில் தோற்றுத் திரும்பியபோது, பாபா லால் என்னும் இந்துத் துறவியுடன் லாகூரில் உரையாடினார். அதனையடுத்து எழுந்ததே 'மஜ்மவுல் பஹ்ரைன்'. இருகடல் கூடுமிடம் எனப் பொருள்படும் இத்தொடர் திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வருவது. பூதங்கள், புலன்கள், இறைப்பண்புகள், வீடுபேறு எனத் தலைப்பிட்டுச் சூஃபியர் கொள்கையையும் இந்திய ஞானியர் கொள்கையையும் ஒப்பிட்டு, சொல்லால் வேறாயினும் பொருளால் ஒன்றெனக் காட்ட முயன்றார்.

1657-இல் காசிப் பண்டிதர்கள், துறவியர் துணையோடு ஐம்பது உபநிடதங்கள் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டன. 'சிர்ரே அக்பர்', அதாவது பெரும் மறைபொருள், என அதற்குப் பெயரிட்டார். ஒவ்வொரு சமுதாயத்துக்கும் இறைத்தூதர் அனுப்பப்பட்டனர் என்பது திருக்குர்ஆன் கூறும் உண்மை. அவ்வாறாயின் இந்நாட்டுப் பழமறைகளிலும் ஏகத்துவம் இருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. எல்லா வழிபாடும் ஒன்றே என அவர் மேலோட்டமாக மொழியவில்லை. தவ்ஹீதையே அங்கும் தேடினார். எனினும், திருக்குர்ஆன் சுட்டும் மறைவான நூல் உபநிடதமே என அவர் கருதியது மார்க்க அறிஞர் ஏற்கத்தக்கதாக இல்லை.

அவ்வாண்டே ஷாஜஹான் நோயுற, அரியணைப் போர் மூண்டது. 1658-இல் சாமுகரில் அவுரங்கசீப்பிடமும் முராதிடமும் தாரா தோற்றார். ஓடிய வழியில் மனைவி நாதிரா பேகம் உயிர்நீத்தார். தாம் முன்பு உயிர்காத்த மாலிக் ஜீவனே காட்டிக்கொடுக்க, டெல்லித் தெருக்களில் யானைமீது இழிவாக ஊர்வலம் விடப்பட்டார். மக்கள் கண்ணீர் வடித்ததை நேரில் கண்ட பிரெஞ்சுப் பயணி பெர்னியர் பதிவு செய்துள்ளார். மார்க்கம் தவறியவர் என்னும் குற்றச்சாட்டின் பேரில் 1659 ஆகஸ்டில் தாரா கொல்லப்பட்டார். சமயப் பிணக்கு ஏதுமின்றி அவுரங்கசீப்புக்குத் துணைநின்ற முராதும் 1661-இல் கொல்லப்பட்டதை நோக்குங்கால், அரியணை வேட்கைக்குச் சமயம் போர்வையாயிற்று என்றே நாம் கருதுகிறோம்.

அவர் உடல் ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் அடங்கியது, நூலோ அடங்கவில்லை. அப்பாரசீகப் பெயர்ப்பே 1801-02-இல் இலத்தீனாகி, ஜெர்மானிய மெய்யியலார் ஷோப்பன்ஹவர் கைகளைச் சேர்ந்தது. உபநிடதங்களை ஐரோப்பா அறிய வாயில் திறந்தது ஒரு முஸ்லிம் இளவரசரின் உழைப்பே.

தாராவின் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால், தம் நம்பிக்கையில் வேரூன்றி நின்றே அடுத்தவர் மறையை மதிப்போடு திறந்து பார்த்த அவர் உள்ளம், சமயத்தின் பெயரால் மனிதர் பிளவுறும் காலமெல்லாம் நமக்குத் தேவைப்படும் செல்வமாகும்.