‘சொன்னார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்? தெசாரஸ் தந்த டாக்டர் ரோஜேவின் கதை

ஆபீஸ் மெயிலில் சொன்னார், சொன்னார் என்பதற்கு ‘ஸெட்’ என்றே மூன்று முறை எழுதியாகிவிட்டது. நான்காவது முறை கை தயங்கும். மவுஸில் ஒரு ரைட் கிளிக். ஸ்டேட், கிளைம், அசர்ட், அலெஜ், கன்டென்ட் என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

இந்தப் பட்டியல்களின் முன்னோடி, 1852-ல் லண்டனில் வெளிவந்த ஒரு புத்தகம். அதைத் தொகுத்தவர் மொழிப் பேராசிரியர் இல்லை, ஒரு டாக்டர். பெயர் பீட்டர் மார்க் ரோஜே. புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 73.

யார் இந்த ரோஜே?

1779 ஜனவரி 18 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஜெனீவாவிலிருந்து வந்த பாதிரியார். காசநோயால் அவர் இறந்தபோது ரோஜேவுக்கு வயது நான்குதான். அதன்பிறகு குடும்பத்துக்குத் துணையாக நின்றவர் தாய்மாமன் சாமுவேல் ராமிலி. சின்னக் குற்றங்களுக்கும் மரண தண்டனை தந்த பிரிட்டிஷ் சட்டங்களை மாற்றப் போராடிய வழக்கறிஞர் அவர்.

ரோஜே 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 19 வயதில் டாக்டர் ஆகிவிட்டார். அந்த வயதில் நோயாளிகள் நம்பி வருவார்களா? அதனால் கொஞ்ச காலம் டியூட்டர் வேலை. மான்செஸ்டர் பருத்தி வியாபாரி ஒருவரின் இரண்டு மகன்களை ஐரோப்பியச் சுற்றுப்பயணம் அழைத்துப் போனார்.

1803-ல் அவர்கள் ஜெனீவாவில் இருந்தபோது பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் மறுபடி போர் மூண்டது. ஜெனீவா அப்போது பிரான்ஸின் பிடியில் இருந்தது. அங்கிருக்கும் பிரிட்டிஷ்காரர்களைப் பிடித்து வைக்க நெப்போலியன் உத்தரவிட்டார். அப்பா ஜெனீவாக்காரர் என்பதால் தானும் ஜெனீவா குடிமகனே என்று ரோஜே உரிமை கோரினார். வாய்வார்த்தை எடுபடவில்லை, ஆதாரம் கேட்டார்கள். தந்தை வழியை நிரூபித்த பிறகே வெளியேற வழி கிடைத்தது. மாணவர்களும் பத்திரமாக ஊர் திரும்பினார்கள். ஒன்றைக் கோருவதற்கும் நிரூபிப்பதற்கும் உள்ள தூரத்தை 24 வயதிலேயே நேரில் பார்த்துவிட்டார்.

சொந்த உபயோகத்துக்கு ஒரு நோட்டு

அடுத்து மான்செஸ்டரில் டாக்டர் வேலை. அங்கே 1805-ல், எழுதும்போதும் பேசும்போதும் உதவட்டுமே என்று, பொருள் வாரியாகப் பிரித்த ஒரு சொல் பட்டியலைத் தயாரித்தார். சுமார் 15,000 சொற்கள். வெளியிடும் எண்ணம் இல்லை, சொந்த உபயோகத்துக்குத்தான்.

அந்த நோட்டு பல பத்தாண்டுகள் அவரிடமே இருந்தது. அதற்குள் அவர் செய்த வேலைகள் ஏராளம். அடுக்கு, மூலம் போன்ற கணக்குகளுக்கு உதவும் ‘லாக்-லாக்’ நழுவு அளவுகோலை வடிவமைத்தார். 1815-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். கம்பி வேலிக்குப் பின்னால் உருளும் சக்கரத்தின் ஆரங்கள் ஏன் வளைந்து தெரிகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். லண்டன் குடிநீரின் தரத்தை ஆராய்ந்த அரசுக் குழுவில் இருந்தார்.

வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள். 1818 நவம்பரில், மனைவியை இழந்த துயரத்தில் மாமா ராமிலி உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நாட்களில் மாமாவைக் கவனித்துக்கொண்டவர் ரோஜே. 1833-ல் ரோஜேவின் மனைவி மேரி புற்றுநோயால் இறந்தார். வாழ்க்கை குலைந்தபோதெல்லாம் வகைப்படுத்தி எழுதுவதுதான் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்களில் சிலர் கருதுகிறார்கள்.

பிறர் சொன்னதைச் சுருக்கும் வேலை

1827 முதல் 1848 வரை ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தார். அங்கே வாசிக்கப்படும் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தை அச்சுக்குத் தயார் செய்வதும் அவர் பொறுப்பு. அதாவது, பிறர் சொன்னதை அவர்கள் சொன்ன அளவுக்கு மட்டும் எழுத வேண்டும். ஒருவர் ஊகித்ததை ‘நிரூபித்தார்’ என்று எழுதினாலும் தப்பு. நிரூபித்ததை ‘சொல்லிக்கொள்கிறார்’ என்று எழுதினாலும் தப்பு. இருபது வருடத்துக்கும் மேல் இந்த வேலை.

செயலாளர் பதவியை விட்ட பிறகு பழைய நோட்டைக் கையில் எடுத்தார். அதை விரித்து எழுதியதுதான் தெசாரஸ். அந்தச் சொல்லுக்குக் கருவூலம் என்று பொருள்.

அகராதியிலிருந்து எப்படி வேறுபட்டது?

அகராதியில் சொல்லைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும். ரோஜே இதைத் திருப்பிப் போட்டார். மனதில் கருத்து இருக்கிறது, சொல் வரவில்லை என்பவருக்கான புத்தகம் இது. ஆறு பெரும் பிரிவுகள், 1,000 தலைப்புகள். எதிரெதிர்க் கருத்துகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். உறுதியாகச் சொல்வது ஒரு தலைப்பு என்றால், மறுப்பது அதற்கு அடுத்த தலைப்பு.

நம் நாட்டுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. பொருள் வாரியாகச் சொற்களை அடுக்கிய பழைய முயற்சியாக, சமஸ்கிருத அமரகோசத்தை ரோஜே முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். தமிழில் திவாகரம் போன்ற நிகண்டுகளும் இதே வழியில் அமைந்தவைதான்.

ஒரு விஷயத்தை ரோஜே செய்யவில்லை. எந்தச் சொல்லுக்கும் அவர் விளக்கம் தரவில்லை. சொற்களைப் பார்த்ததும், படிப்பவருக்கே சரியானது தட்டுப்படும் என்பது கணக்கு. உறுதியாகச் சொல்வது பற்றிய தலைப்பில் ஸ்டேட், டிக்ளேர், அலெஜ், மெயின்டெய்ன், கன்டென்ட் எல்லாம் ஒரே பத்தியில் கிடக்கும். ஒரே வீட்டில் இருப்பதால் எல்லோரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்களா?

எந்தச் சொல், எப்போது?

* ஸ்டேட்: முறைப்படி, தெளிவாகச் சொல்வது. எழுதுபவரின் சாய்வு தெரியாது.
* கிளைம்: அவர் அப்படிச் சொல்கிறார், ஆனால் நிரூபணம் ஆகவில்லை. லேசான சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும்.
* அலெஜ்: ஒருவர் தவறு செய்தார் என்ற, இன்னும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. செய்தியிலும் வழக்கிலும் வரும்.
* கன்டென்ட், ஆர்கியூ: மாற்றுக் கருத்து இருக்கும் இடத்தில் வாதாடுவது.
* சஜஸ்ட்: தரவு ஒரு திசையைக் காட்டுகிறது, முடிவாகச் சொல்ல முடியாது. ஆய்வறிக்கைகளில் அதிகம்.
* பாயிண்ட் அவுட்: அவர் சொன்னது உண்மை என்று எழுதுபவரும் ஏற்கிறார்.
* அட்மிட்: சாதாரணமாகச் சொன்னதையும் ஒப்புதல் வாக்குமூலம் ஆக்கிவிடும்.

திங்கள்கிழமையே ஃபைலை அனுப்பிவிட்டதாக டீமில் ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜருக்குப் போகும் மெயிலில் அதை ‘கிளைம்’ என்று எழுதினால், ஆள் பொய் சொல்கிறார் என்ற வாடை வந்துவிடும். எழுதியவருக்கு அந்த எண்ணமே இல்லாவிட்டாலும் மெயில் நிரந்தரமாகப் பதிவில் இருக்கும். அங்கே ‘ஸெட்’ போதும். அதைத் திரும்பத் திரும்ப எழுதுவது குற்றமில்லை.

ரோஜே 1869 செப்டம்பர் 12 அன்று, 90-வது வயதில் இறந்தார். அதற்குள் புத்தகம் இருபது முறைக்கு மேல் அச்சாகியிருந்தது. பிறகு மகன் ஜான் லூயிஸ் ரோஜேவும், பேரன் சாமுவேல் ராமிலி ரோஜேவும் அதை விரிவாக்கினார்கள். பேரனுக்கு வைத்திருந்தது மாமாவின் பெயர்.

இன்று அந்த வேலையை போனும் கம்ப்யூட்டரும் ஒரு நொடியில் செய்கின்றன. ஆனால் பட்டியலைத் தட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. அவர் சொன்னது நிரூபணமானதா? எழுதுபவர் அதை ஏற்கிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், அந்தப் பட்டியலில் பாதிச் சொற்கள் தானாகவே கழிந்துவிடும்.