236 சொற்களில் ஒரு பூனை: டாக்டர் சூஸ் எழுதியது எப்படி?

எல்கேஜி குழந்தையின் டைரியில் 'சைட் வேர்ட்ஸ் படிக்கவும்' என்று டீச்சர் எழுதி அனுப்பியிருப்பார். அது என்னன்னு யோசிச்சிருக்கீங்களா? ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சின்னச் சொற்களை எழுத்துக் கூட்டாமல், பார்த்ததுமே சொல்லப் பழக்குவது. தமிழில் 'அம்மா' என்றால் எழுதியபடியே படிச்சிடலாம். ஆங்கிலத்தில் எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதி 'செட்' என்கிறார்கள். குழந்தை என்ன செய்யும், பாவம்!

இந்தச் சொற்களை வைத்தே கதை எழுதிப் புகழ்பெற்றவர் டாக்டர் சூஸ். நிஜப்பெயர் தியோடர் சூஸ் கைசல். 1904-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போய், பட்டம் வாங்காமலே திரும்பினார். 'டாக்டர்' அவராகவே போட்டுக்கொண்டது! பூச்சிமருந்து விளம்பரத்துக்குப் படம் வரைந்து சம்பாதித்தார். முதல் குழந்தைகள் புத்தகத்தை 20-க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஒருவழியாக 1937-ல் வெளிவந்தது.

திருப்பம் வந்தது 1954-ல். அமெரிக்கக் குழந்தைகள் ஏன் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று 'லைஃப்' இதழில் ஜான் ஹெர்சி ஒரு கட்டுரை எழுதினார். பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் உப்புச்சப்பில்லாமல் இருக்கின்றன, சூஸ் மாதிரி ஆட்கள் படம் வரைந்தால் என்ன என்பது அவர் கேள்வி. இதைப் பிடித்துக்கொண்ட பதிப்பாளர் வில்லியம் ஸ்பால்டிங், சில நூறு சொற்கள் கொண்ட பட்டியலைச் சூஸிடம் நீட்டினார். இதை வைத்தே, ஆறு வயசுப் பிள்ளை கீழே வைக்க மனசு வராத கதை வேணும்!

கொஞ்ச நாளில் முடிச்சிடலாம் என்றுதான் ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. நல்ல யோசனை வரும். அதற்கான சொல் பட்டியலில் இருக்காது. விட்டுடலாம் என்கிற அளவுக்கு வெறுத்துப்போனார். கடைசியில், பட்டியலில் எதுகையாக அமைகிற இரண்டு சொற்களைத் தேடினார். கிடைத்தவை 'கேட்', 'ஹேட்'. 1957-ல் வந்த 'தி கேட் இன் தி ஹேட்' நூலில் மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள்தான். அம்மா இல்லாத வீட்டுக்குள் தொப்பி போட்ட பூனை புகுந்து அட்டகாசம் பண்ணுகிற கதை; அடுத்து என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கவே குழந்தைகள் பக்கத்தைப் புரட்டினார்கள்.

வேடிக்கை என்னன்னா, பட்டியலை மட்டும் நம்பும் முறையைச் சூஸே பிற்பாடு கடுமையாக விமர்சித்தார். எழுத்துகளின் ஒலியைச் சொல்லித்தருவதைக் கைவிட்டது பெரிய தவறு என்பது அவர் கட்சி. இன்றைய வாசிப்பு ஆய்வாளர்கள் பலரும் ஒலியையே முதலில் வைக்கிறார்கள்.

அதுக்கப்புறம் பதிப்பாளர் பென்னட் செர்ஃப் 50 டாலர் பந்தயம் கட்டினார்: வெறும் 50 சொற்களில் ஒரு புத்தகம் முடியுமா? 1960-ல் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' வந்தது. சரியாக 50 சொற்கள். 1991-ல் இறந்த சூஸ், அந்தப் பந்தயப் பணம் கைக்கு வரவே இல்லை என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.