பேராசிரியரின் ஞாபகத்தைத் தின்ற பாதரசம்

ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் இருந்தார். ரசாயனத்தில் உலகப் புகழ் பெற்றவர். அவர் டெலிபோன் புத்தகத்தைத் திறந்து ஒரு எண்ணைப் பார்ப்பார். எழுந்து டெலிபோன் அருகே போவதற்குள் அந்த எண் மறந்து போகும்! நேற்றுப் பார்த்த நாடகத்தின் கதை இன்று ஞாபகம் இராது. தாமே எழுதி அச்சிட்ட கட்டுரையில் என்ன இருந்தது என்பதும் மறந்துவிடும்.

அவருடைய ஞாபக சக்தியைத் தின்றது எது? பல காலம் அவருக்கே தெரியவில்லை. அது அவர் தினமும் கையாண்ட பொருள். பளபளவென்று, வெள்ளியை உருக்கி ஊற்றியது போல் இருக்கும் பாதரசம்!

அவர் பெயர் ஆல்பிரட் ஸ்டாக்.

பாரிசில் பாடம்

ஸ்டாக் 1876-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி டான்சிக் நகரில் பிறந்தார். பால்டிக் கடலோரத்தில் உள்ள அந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது. இன்று அது போலந்து நாட்டைச் சேர்ந்தது. பெயரும் கிடான்ஸ்க் என்று மாறிவிட்டது.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பாரிஸ் நகருக்குப் போய், ஆன்றி மொய்சான் என்ற பெரிய விஞ்ஞானியிடம் ஓராண்டு வேலை கற்றார். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற மொய்சான்தான் இவர்.

1909-ல் பிரெஸ்லா நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்டாக் பேராசிரியர் ஆனார். அவருடைய பெரிய ஆராய்ச்சி தொடங்கியது அங்கேதான்.

காற்றுப் பட்டால் தீ

போரான் என்று ஒரு மூலப் பொருள் உண்டு. பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் வெங்காரத்தில் இருப்பது அதுதான். இந்தப் போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் என்ன பொருள்கள் உண்டாகும்? இதைக் கண்டுபிடிக்க ஸ்டாக் ஆசைப்பட்டார்.

ஆசை சுலபம். வேலை சுலபம் அல்ல. அந்தப் பொருள்களில் பல, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும். சில வெடிக்கும். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். மேசை மேல் வைத்து ஆராய முடியாது.

ஸ்டாக் ஒரு வழி கண்டார். கண்ணாடிக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்தார். உள்ளே இருந்த காற்று முழுவதையும் வெளியேற்றினார். காற்றே இல்லாத அந்தக் குழாய்களுக்குள்ளேயே பொருள்களைப் பிரித்தார், கலந்தார், அளந்தார். குழாய்களைத் திறக்கவும் மூடவும் சாதாரணக் குழாய் மூடி உதவாது. மூடியில் தடவும் மசகை அந்த வாயுக்கள் கெடுத்துவிடும். ஆகவே பாதரசத்தையே மூடியாக வைத்தார். பாதரசம் ஏறினால் வழி அடைபடும். இறங்கினால் வழி திறக்கும். காற்றை வெளியே இழுக்கும் பம்பிலும் பாதரசம். அழுத்தம் பார்க்கும் குழாயிலும் பாதரசம்.

அற்புதமான கருவி! 1912 முதல் அதைக் கொண்டு அவர் பல போரான் பொருள்களை உலகுக்குக் காட்டினார். பின்னாளில் அதே துறையில் உழைத்த இரு அமெரிக்க விஞ்ஞானிகள், லிப்ஸ்காம் 1976-லும் பிரவுன் 1979-லும் நோபல் பரிசு பெற்றார்கள். பாதை போட்டவர் ஸ்டாக். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரும்பு (II), இரும்பு (III) என்று ரோமன் எண் போட்டு எழுதுகிறார்களே, அந்த முறையை 1919-ல் வகுத்தவரும் அவர்தான்.

இனம் தெரியாத நோய்

முதலில் தலைவலி வந்தது. அவ்வப்போது தலை சுற்றியது. ஆராய்ச்சி செய்பவருக்குத் தலைவலி வராதா என்று அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு மூக்கடைப்பும் சளியும் வந்து நிலைத்துவிட்டன. டாக்டர்கள் மூக்கைச் சுட்டார்கள், அறுத்தார்கள். ரத்தம் கொட்டியதுதான் மிச்சம். வாயில் புண் வந்தது. உடம்பு எப்போதும் சோர்ந்து கிடந்தது.

எல்லாவற்றிலும் கொடியது மறதி. சொற்பொழிவு ஆற்றப் போனால் ஒவ்வொரு வரியையும் எழுதி எடுத்துப் போக வேண்டியதாயிற்று. மனக் கணக்குப் போட முடியவில்லை. சதுரங்கம் நன்றாக ஆடுவார். அந்தத் திறமையும் மங்கியது. மனிதர்களைக் கண்டால் எரிச்சல், தனிமையில் துக்கம். தம்முடைய அறிவு அணைந்து கொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. அறிவையே நம்பி வாழ்பவருக்கு இதைவிட என்ன கொடுமை வேண்டும்?

இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல் துன்பப்பட்டார்.

1924-ல்தான் உண்மை புலப்பட்டது. ஆராய்ச்சிச் சாலையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் இதே தலைவலி, இதே மறதி! எல்லோரும் ஒரே அறையின் காற்றைச் சுவாசித்தவர்கள். அந்த அறையில் எத்தனையோ தடவை கண்ணாடி உடைந்து பாதரசம் சிந்தியிருக்கிறது. சிறு மணிகளாக உருண்டோடித் தரையின் இடுக்குகளில் ஒளிந்திருக்கிறது.

பாதரசம் உலோகமானாலும் கொதிக்க வைக்காமலேயே ஆவியாகும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 மில்லிகிராம் ஆவி தங்க முடியும். தொழிற்கூடக் காற்றில் 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்று ஐரோப்பாவில் உள்ள அளவு. இந்த ஆவிக்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. மூச்சில் போவதில் ஐந்தில் நான்கு பங்கு உடம்பிலேயே தங்கிவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும்.

மானத்தை விட்டு எழுதினார்

வேறொருவராக இருந்தால் மறைத்திருப்பார். மறதி பிடித்த பேராசிரியர் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? ஸ்டாக் மறைக்கவில்லை. 1926-ல் ஜெர்மன் ரசாயனப் பத்திரிகை ஒன்றில், பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். தம் உடம்பில் கண்ட ஒவ்வொரு கோளாற்றையும் வெளிப்படையாகச் சொன்னார். மற்றவர்கள் தப்பட்டும் என்பதே நோக்கம்.

படித்த விஞ்ஞானிகள் பலர் திடுக்கிட்டார்கள். தங்கள் தலைவலிக்கும் அதுதானோ என்று கேட்டு எழுதினார்கள்.

அதே ஆண்டில் அவர் கார்ல்ஸ்ரூ நகருக்கு மாறினார். பாதரசத்தைக் கண்டுபிடிக்கும் வேலையே அவருக்கு இரண்டாவது ஆராய்ச்சியாயிற்று. சிறுநீரிலும் உணவிலும் காற்றிலும் உள்ள பாதரசத்தைப் பிரித்துச் சிறு மணியாக்கி, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்து அதன் குறுக்களவைப் பார்த்தே எடையைக் கணக்கிட்டார். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் துகளைவிடச் சிறிய அளவும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை!

பல்லில் இருந்த பாதரசம்

இங்கேதான் ஸ்டாக் பெரிய சண்டையில் இறங்கினார்.

சொத்தைப் பல்லைக் குடைந்து, பள்ளத்தை வெள்ளி நிறக் கலவையால் அடைப்பது பல் வைத்தியர்களின் வழக்கம். அதற்கு அமால்கம் என்று பெயர். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. விலை குறைவு; நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மெல்லும்போதும், சூடான காப்பி குடிக்கும்போதும் சிறிதளவு ஆவி கிளம்பும்.

இந்தக் கலவை கூடாது என்று ஸ்டாக் எழுதினார். செம்பும் பாதரசமும் மட்டும் சேர்ந்த கலவை மிகவும் மோசம் என்றார். அடைப்பை எடுத்தபின் நலம் பெற்றவர்களைப் பற்றியும் எழுதினார். பல் வைத்தியர்கள் சீறினார்கள். தரையெல்லாம் பாதரசம் சிந்திய ஆராய்ச்சிச் சாலை வேறு, பல்லில் இருக்கும் கடுகளவு அடைப்பு வேறு என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அளவுதான் விஷத்தை விஷமாக்குகிறது. 2006-ல் அமெரிக்காவிலும் போர்ச்சுக்கலிலும் நடந்த இரு சோதனைகளின் முடிவு வெளியாயிற்று. அமால்கம் அடைத்த குழந்தைகளுக்கும், வேறு பொருள் அடைத்த குழந்தைகளுக்கும் அறிவில் வேற்றுமை காணப்படவில்லை.

ஆனால் வயிற்றில் இருக்கும் சிசுவின் கதை தனி. பாதரச ஆவி தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகக் கூடியது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், தொழிற்சாலைக் கழிவால் கெட்ட மீனைத் தின்ற தாய்மார் பலர் அதிக நோயின்றி இருக்க, அவர்கள் பெற்ற குழந்தைகள் மூளைக் கோளாற்றுடன் பிறந்தன. அந்த நோய் 1956-ல் வெளிப்பட்டது. அது மெதில் பாதரசம் என்ற வேறு வகை; பல்லில் இருப்பது அல்ல. என்றாலும், தாயின் உடம்பு குழந்தைக்குக் கேடயம் ஆகாது என்பதை உலகம் கற்றது அங்கேதான்.

தாயாகப் போகிறவர்களுக்கு

2020-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை ஒரு யோசனை சொன்னது. கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்கள், பால் கொடுக்கும் தாய்மார், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் அடைக்காமல் இருப்பது நல்லது என்றது. ஐரோப்பிய நாடுகள் 2018-லேயே கர்ப்பிணிகளுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் தடுத்துவிட்டன. 2025 ஜனவரி முதல் எல்லோருக்குமே பெரும்பாலும் தடை.

அப்படியானால் பல்லில் இருக்கும் பழைய அடைப்பை உடனே பெயர்க்க வேண்டுமா? வேண்டாம்! அடைப்பு உறுதியாக இருந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று அதே துறை சொல்கிறது. ஏனெனில் குடையும்போதுதான் அதிக ஆவி கிளம்பும். அடைப்பு உடைந்திருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே மாற்றிக்கொள்வது சௌகரியம். பல் வைத்தியர் பல்லைச் சுற்றி ரப்பர்த் திரை கட்டி, தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சு குழாயும் வைத்து எடுப்பார். ஏற்கெனவே கர்ப்பமாயிருந்தால், அவசரம் இல்லாத மாற்றத்தைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வலியும் சீழும் இருந்தால் தள்ளிப் போடக் கூடாது. டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

எடுத்த சில நாட்கள் ரத்தத்தில் பாதரசம் சற்று ஏறும். பிறகு தானே இறங்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பாதி வெளியேறிவிடும். 100 பங்கு இருந்தால் இரண்டு மாதத்தில் 50. நான்கு மாதத்தில் 25. சிறுநீரும் மலமும் அந்த வேலையைச் செய்கின்றன. விஷத்தை முறிக்கிறேன் என்று யாராவது விற்கும் மருந்தை வாங்கி விழுங்குவது வீண் வேலை, ஆபத்தும்கூட. உலோகத்தைப் பிடித்து இழுக்கும் மருந்துகள் உண்மையிலேயே விஷம் ஏறியவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் கொடுப்பவை. அவை உடம்புக்கு வேண்டிய துத்தநாகம் போன்ற சத்துக்களையும் சேர்த்து இழுத்துப் போகும். பல்லைப் பார்த்துப் பயப்படுபவர்கள் வேறு இரண்டை மறந்துவிடுகிறார்கள். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம். முகம் வெளுக்கப் பூசும் சில கிரீம்களிலும் அது உண்டு.

கடைசி நாட்கள்

பாதரசத்தை விட்டு விலகியபின் ஸ்டாக்கின் ஞாபகம் மெல்ல மெல்லத் திரும்பியது. முழுவதும் திரும்பவில்லை. 1932-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சொற்பொழிவுகள் ஆற்றினார். உடல் நலம் குன்றியதால் 1936-ல் பேராசிரியர் பதவியை விட்டுப் பெர்லினுக்குப் போனார். ஹிட்லர் ஆட்சி நடந்த அந்த ஆண்டுகளில் ஜெர்மன் ரசாயனச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். பாதரசத்தை அளப்பதை மட்டும் விடவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பல் அடைப்புச் சண்டையை யாரும் நினைக்கவில்லை. 1943-ல் ஸ்டாக் பெர்லினை விட்டு சைலீசியாவில் உள்ள வார்ம்புருன் என்ற ஊருக்குக் குடிபோனார். 1945-ல் யுத்தம் அங்கேயும் எட்டியது. சொத்து சுகங்களை விட்டுவிட்டு, எல்பு நதிக்கரையில் உள்ள ஆகன் என்ற சிற்றூருக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார்.

1946-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி அங்கேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது எழுபது.