உறைக்குள் திரும்பும் வாள்

1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானிய அரசாங்கம் ஓர் ஆணையைப் பிறப்பித்தது. இராணுவத்தினர், காவல் துறையினர் போன்ற சிலரைத் தவிர வேறு எவரும் இனிப் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்பதே அந்த ஆணை. இடுப்பில் இரண்டு வாள்களைச் செருகிக்கொண்டு நடப்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தனி உரிமையாகக் கருதிவந்த சாமுராய் வகுப்பினர் அந்த உரிமையை இழந்தனர். வாளோடு சேர்ந்து வாட்கலை ஆசிரியர்களின் பிழைப்பும் ஆட்டங்கண்டது. அவர்களுள் சிலர் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தோக்கியோவில் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, சர்க்கஸ் காட்டுவதைப்போல் வாட்போட்டிகளை நடத்திக் காட்டத் தொடங்கியிருந்தனர்.

அந்த ஆணை வெளிவந்தபோது நகாயாமா ஹகுடோ நான்கு வயதுக் குழந்தை. அவர் 1872ஆம் ஆண்டு கனசாவா நகரில் பிறந்தார். யாருக்கும் தேவையில்லை என்று நாடே ஒதுக்கத் தொடங்கிய ஒரு கலையை அவர் தம் வாழ்நாள் முழுவதும் கற்றார். பிற்காலத்தில் ஜப்பானின் மிகப் பெரிய வாட்கலை ஆசிரியர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார்.

நகாயாமா இளமையில் தோயாமா என்ற ஊரில் வாட்பயிற்சியைத் தொடங்கினார். பதினெட்டு வயதளவில் தோக்கியோவுக்குச் சென்று, நெகிஷி ஷிங்கோரோ என்பவர் நடத்திய யூஷின்கான் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். நெகிஷி, ஷிண்டோ முனென் என்னும் வாட்போர் மரபின் பேராசான். அங்கே மூங்கில் வாள் ஏந்தி, முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து, எதிரில் நிற்பவரோடு மோதிப் பழக வேண்டும். இன்று கெண்டோ என்று உலகம் அறிந்திருக்கும் பயிற்சி அதுதான். நகாயாமா விரைவில் தேர்ச்சி பெற்றவரல்லர். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கூடத்தில் உழைத்த பின்னரே, 1902ஆம் ஆண்டு, அம்மரபை முழுமையாகக் கற்றவர் என்ற சான்று அவருக்குக் கிடைத்தது. 1913இல் நெகிஷி மறைந்த பிறகு யூஷின்கானின் பொறுப்பு அவரிடம் வந்தது. தடியைக் கொண்டு வாளை எதிர்க்கும் ஜோ என்ற கலையையும் அவர் உச்சிடா ரியோகோரோ என்ற ஆசானிடம் பயின்றார். சிலம்பம் பழகும் நம் மாணவர்களுக்கு அந்தக் கலை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

ஆனால், அவர் மனத்தை ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. மூங்கில் வாளுக்கு உறை கிடையாது, கூரும் கிடையாது. கெண்டோவில் இருவரும் வாளை நீட்டிப் பிடித்த பிறகே ஆட்டம் தொடங்கும். உண்மையான வாளோ பெரும்பாலான நேரம் உறைக்குள்தான் இருக்கும். அதனை உருவும் கணத்தில்தான் எல்லாமே முடிவாகிவிடும். அந்த ஒரு கணத்திற்காகவே தனியே வளர்ந்த கலை இயாய். அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் ஹயாஷிசாக்கி ஜின்சுகே என்பவர் தோற்றுவித்தார் என்பது அம்மரபினரின் நம்பிக்கை.

இயாய் பயில்பவருக்கு எதிரில் யாரும் இல்லை. அவர் முழங்காலிட்டு அமர்ந்து, எதிரி ஒருவனை மனத்தில் நிறுத்திக்கொள்கிறார். வாளின் கூர்ப்பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி உறை இடுப்புக் கச்சையில் செருகப்பட்டிருக்கும். முதலில் இடக்கைப் பெருவிரல் வாளின் கைக்காப்பை மெல்லத் தள்ளி, உறையின் வாயிலிருந்து வாளை இளக்குகிறது. பின்பு வலக்கை பிடியைப் பற்றி மெதுவாக உருவத் தொடங்குகிறது. போகப்போக வேகம் கூடுகிறது. பார்ப்பவர்கள் வலக்கையைத்தான் கவனிப்பார்கள். உண்மையில் பாதி வேலையை இடக்கைதான் செய்கிறது. வாள் முன்னே செல்லும் அதே நேரத்தில் இடக்கை உறையைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். இழுக்கத் தவறினால் நீளமான வாள் முழுமையாக வெளிவராது. அல்லது உறையையும் அதனைப் பிடித்திருக்கும் விரல்களையும் வெட்டிவிடும்.

உருவும் வீச்சே முதல் வெட்டு. அடுத்து, வாளைத் தலைக்கு மேல் உயர்த்தி இரு கைகளாலும் இறக்கும் வெட்டு. பின்னர் வாளில் படிந்த குருதியை உதறுவதாகப் பாவித்து ஓர் அசைவு. இறுதியில் வாள் உறைக்குத் திரும்ப வேண்டும். இதுவே தொடக்கநிலை மாணவர்களை அதிகம் சோதிக்கும் பகுதி. கண்ணால் உறையைப் பார்க்கக் கூடாது. இல்லாத எதிரியைத்தான் பார்க்க வேண்டும். வாளின் மழுங்கிய முதுகு இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வழுக்கிச் சென்று, நுனி உறையின் வாயைத் தானே கண்டுபிடிக்கும் வரை கை காத்திருக்க வேண்டும். அவசரப்படுபவர் தம் விரலையே அறுத்துக்கொள்வார்.

இத்தனையும் ஒரே ஒரு வடிவம். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால், அதனை ஆயிரம் முறை செய்தாலும் ஆயிரத்தோராம் முறை தோளோ இடுப்போ மூச்சோ பிசகுவது தெரியும். எதிரில் ஆள் இல்லாததால், தவற்றை வேறு எவர்மீதும் சுமத்த முடியாது.

இந்தக் கலையின் மிகச் சிறந்த மரபுகளுள் ஒன்று ஷிகோக்கு தீவின் தோசாப் பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்தது. இன்றைய கொச்சி மாநிலமே அன்றைய தோசா. ஹசெகாவா எய்ஷின் என்னும் அம்மரபைத் தோசாவினர் வெளியூர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. தோசாவுக்குள்ளேயே அது இரு கிளைகளாகப் பிரிந்திருந்தது. ஒரு கிளையின் ஆசான் மற்றொரு கிளையின் நுட்பத்தை ஏற்றுக்கொள்வதும் அரிது. ஆசான்களோ முதுமை அடைந்துகொண்டிருந்தார்கள். கதவைத் திறக்காமலே இருந்தால் கலை அவர்களோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடும் நிலை இருந்தது.

நகாயாமா கனசாவாவில் பிறந்து, தோக்கியோவில் வாழ்ந்தவர். தோசாவினரின் கண்ணில் அவர் முற்றிலும் அயலார். இந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் இத்தாகாக்கி தாய்சுகே. ஜப்பானில் மக்கள் உரிமை இயக்கத்தை முன்னின்று நடத்திய அரசியல் தலைவர் இவர், தோசாவின் மைந்தர், தம் மண்ணின் வாட்கலை அழிந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டவர். அவருடைய அறிமுகத்தால் நகாயாமாவுக்கு வழி பிறந்தது. ஒரு கிளையைச் சேர்ந்த ஹொசோகாவா யோஷிமாசாவிடமும், மற்றொரு கிளையைச் சேர்ந்த மொரிமோத்தோ தொக்குமியிடமும் அவர் பயின்றார். அப்போது அவர் தோக்கியோவில் புகழ்பெற்ற ஆசிரியர். அவரிடமே மாணவர்கள் பலர் கற்றுக்கொண்டிருந்தனர். அப்படிப்பட்டவர் வேறோர் ஆசானின் முன் அமர்ந்து, வாளை எப்படி உருவுவது என்று முதல் பாடத்திலிருந்து கற்றார். புகழ் வந்த பிறகு மாணவராக இருப்பது, புகழ் வருவதற்கு முன் மாணவராக இருப்பதைவிடக் கடினமானது.

இரு கிளைகளையும் கற்றவர் என்பதால் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நகாயாமாவுக்குக் கிடைத்தது. ஒன்றில் வாளை உயர்த்தும் வழி வேறு, மற்றொன்றில் வேறு. எது சரி என்பதைவிட, ஒவ்வோர் அசைவும் எதற்காக என்பதையே அவர் ஆராய்ந்தார். கெண்டோவும் இயாயும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் என்பது அவர் கருத்து. இயாய் தெரியாத கெண்டோக்காரர் வாளை வெறும் குச்சியாகவே வீசுவார். கெண்டோ தெரியாத இயாய்க்காரர் எதிரியின் தூரத்தையும் நேரத்தையும் அறியாமல் அழகுக்காக மட்டும் அசைவார். ஆகவே, தம் மாணவர்களை இரண்டிலும் பழக்கினார்.

நகாயாமாவிடம் மற்றொரு பழக்கமும் இருந்தது. தாம் கற்பித்த நுட்பத்தை அவரே மாற்றிக்கொண்டே இருந்தார். வயது கூடக்கூட அசைவுகள் மாறின, தேவையற்றவை உதிர்ந்தன. இதனால் வெவ்வேறு காலங்களில் அவரிடம் பயின்ற மாணவர்கள், ஒரே வடிவத்தைச் சற்று வெவ்வேறு விதமாகச் செய்தனர். ஆசிரியர் மறைந்த பின் எது உண்மையான வடிவம் என்ற விவாதத்திற்கும் இது இடமளித்தது. மாணவர்களுக்குக் குழப்பம்தான், ஆனால், கற்பதை நிறுத்தாத ஒருவரிடம் கற்றால் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க முடியாது. அவர்வழி வந்த மரபு பின்னர் முசோ ஷின்டென் என்று பெயர் பெற்றது. 1930களின் தொடக்கத்தில், இயாய் என்ற சொல்லோடு நெறி என்று பொருள்படும் டோ என்ற சொல்லும் சேர்ந்து, இயாய்டோ என்ற பெயர் நிலைபெற்றது. கெண்டோ, இயாய்டோ, ஜோடோ ஆகிய மூன்றிலும் பேராசான் என்ற உயர் பட்டத்தைப் பெற்றவர் நகாயாமா.

அவருடைய வாழ்க்கையில் மற்றோர் ஏடும் உண்டு. மலேசியாவில் வாழும் நாம் அதனைப் புரட்டாமல் விட முடியாது. 1925ஆம் ஆண்டு, தோக்கியோவிலிருந்த தோயாமா இராணுவப் பயிற்சிப் பள்ளிக்காக வாட்பயிற்சி வடிவங்களை அமைக்கும் பணி அவரிடம் வந்தது. (அவர் இளமையில் பயின்ற தோயாமா வேறு; ஒலிப்பு ஒன்றாக இருந்தாலும் ஜப்பானிய எழுத்தில் இவை வெவ்வேறு பெயர்கள்.) போர்வீரன் களத்தில் முழங்காலிட்டு அமர்ந்திருப்பதில்லை. எனவே, நின்றபடியே உருவி வெட்டும் எளிய வடிவங்கள் உருவாக்கப்பட்டன. பல ஆண்டுகள் பொறுமையாகச் செதுக்கப்பட்ட நுட்பம், குறுகிய காலத்தில் பழகி முடிக்க வேண்டிய இராணுவப் பாடமாகச் சுருங்கியது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. இடுப்பில் நீண்ட வாள் தொங்க நடந்த அதிகாரிகளை ஈப்போவிலும் தைப்பிங்கிலும் பாரிட் புந்தாரிலும் மக்கள் கண்டு நடுங்கினர். இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. நம் பாட்டன்மாருக்கு ஜப்பானிய வாள் என்பது தன்னை அடக்கப் பழகும் கலையன்று. தலைக்கு மேல் தொங்கிய அச்சம். நகாயாமா அந்தக் கொடுமைகளைச் செய்தவரல்லர். ஆயினும், அவர் அமைத்துத் தந்த வடிவங்கள், அந்த வாள்களைத் தாங்கிய படையின் பயிற்சிக்குத்தான் சென்றன. ஓர் ஆசிரியர் தம் கலையை யாரிடம் ஒப்படைக்கிறார் என்ற கேள்வி அவருடைய புகழுக்கு அருகிலேயே நிற்கிறது. அவரைப் போற்றி எழுதப்படும் பல வரலாறுகள் அந்தக் கேள்வியை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

1945இல் ஜப்பான் சரணடைந்தது. வெற்றி பெற்ற நேச நாட்டுப் படையினர் தற்காப்புக் கலைப் பயிற்சிகளுக்குத் தடை விதித்தனர். வீடுகளிலும் கூடங்களிலும் இருந்த வாள்கள் பெருமளவில் பறிமுதல் செய்யப்பட்டன. நான்கு வயதில் முதல் தடையைக் கண்ட நகாயாமா, எழுபதைக் கடந்த வயதில் இரண்டாம் தடையைக் கண்டார். முதல் தடையின்போது வாள் பழமையின் அடையாளமாக ஒதுக்கப்பட்டது. இரண்டாம் தடையின்போது அது போர்வெறியின் அடையாளமாகப் பறிக்கப்பட்டது.

தடை மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1952இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு உருவானது. இம்முறை கெண்டோ, போருக்கான பயிற்சியாக அன்றி, விளையாட்டாகவும் கல்வியாகவும் மீண்டது. நகாயாமா 1958ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் காலமானார். அவர் இயாய் வடிவங்களைச் செய்து காட்டும் பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள் இன்றும் உள்ளது. அதில் காணும் அசைவுகளில் ஆரவாரம் இல்லை. வாள் எப்போது வெளிவந்தது என்பதைக் கண் பிடிப்பதற்குள் வெட்டு முடிந்திருக்கும். உறைக்குத் திரும்பும் பயணம் மட்டும் நிதானமாக நடக்கும்.

மூங்கில் வாள் மட்டுமே அறிந்த கெண்டோ மாணவர்களுக்கு உண்மையான வாளின் இயல்பைக் கற்பிப்பதற்காக, 1969இல் அக்கூட்டமைப்பு பல மரபுகளிலிருந்து ஏழு இயாய் வடிவங்களைத் தேர்ந்து பொதுப்பாடமாக்கியது. பின்னர் அவை பன்னிரண்டாக உயர்ந்தன. அவற்றுள் முதலாவது, முழங்காலிட்டு அமர்ந்த நிலையில் தொடங்குகிறது. எதிரில் ஒருவன் அமர்ந்திருப்பதாக எண்ணி, இடக்கைப் பெருவிரலால் கைக்காப்பை மெல்லத் தள்ளுவதே அதன் முதல் அசைவு.